ஆறாம் நம்பர் பஸ் ஆர்லிஸ் தேர்தலில் நின்ற கதை

ஆர்லிஸ் ட்வெய்ட் முப்பத்தொரு வருஷமாக நோர்ட்விக் பள்ளிக்கூடத்தின் ஆறாம் நம்பர் பஸ்ஸை ஓட்டி வந்தாள். ஊரில் நாற்பது வயசுக்கு உட்பட்ட பாதிப் பேர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். வங்கியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறவனும் சரி, சர்க்கரைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவனும் சரி, அவளைக் கடைத்தெருவில் கண்டால் இன்னமும் தன்னை அறியாமல் நிமிர்ந்து நிற்பான். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நிற்கிற பிள்ளையை ஒரு வார்த்தை பேசாமல், முன் கண்ணாடி வழியாகப் பார்த்தே உட்கார வைத்துவிடுகிற கண் அவளுக்கு.

இப்படிப்பட்டவள் தேர்தல் கீர்தல் என்று ஏன் இறங்கினாள் என்று கேட்டால், பிரிட்டாவால் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிட்டாவுக்கு ஐந்து வயசு. ஆற்றோரத்தில் இருக்கிற கடைசி வீடு அவளுடையது. அம்மா ஜானெலுக்கு வான்கோழிப் பண்ணையில் வேலை. அப்பா எந்த ஊரில் இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள். டீச்சர் கேட்டால் தலையாட்டல், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், ஐம்பத்தைந்து நிமிஷமும் வாய் ஓயாது. பூனைக்குச் சளி பிடித்தது, அம்மாவின் ஒற்றைக் கையுறை தொலைந்தது, கனவில் வந்த குதிரை, எல்லாக் கதையும் ஆர்லிஸின் முதுகுக்குத்தான். ஆர்லிஸும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் "அப்புறம்?" என்பாள். ஆர்லிஸுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை, நாமும் பேச வேண்டாம்.

ஆகஸ்ட் மாதம் பள்ளி வாரியத்தில் ஒரு யோசனை வந்தது. வடக்கே போகிற ஆறாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பஸ்ஸாக ஓட்டினால் டீசல் மிச்சம், ஒரு டிரைவர் மிச்சம் என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. காகிதத்தில் பனி பெய்யாது அல்லவா! ஆற்றோரத்துப் பிள்ளைகள் இப்போது ஆறு ஐம்பதுக்கு ஏறி ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறார்கள். இரண்டையும் சேர்த்தால் ஆறு ஐந்துக்கே ஏறியாக வேண்டும். போக நூறு நிமிஷம், வர நூறு நிமிஷம். ஐந்து வயசுப் பிள்ளை கும்மிருட்டில் ஏறி, கும்மிருட்டில் இறங்க வேண்டியதுதான்.

வாரியத்தில் மொத்தம் ஏழு பேர். சேர்க்கலாம் என்று மூன்று பேர், கூடாது என்று மூன்று பேர். ஏழாவது ஆள், மகளோடு இருக்கப் போகிறேன் என்று குளிர் இல்லாத ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார். அந்தக் காலி நாற்காலிக்குத்தான் நவம்பரில் தேர்தல். அதில் யார் உட்காருகிறார்களோ, அவர்கள் கையில்தான் பஸ்.

முதலில் பெயர் கொடுத்தது விதைக் கடை லோவெல் ஹாகன். நல்ல பிள்ளை, ஒன்பது வயசிலிருந்து ஆர்லிஸின் பஸ்ஸில் வந்தவன். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், "கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர்கள் கடைசியில் கணக்கைத்தான் சொல்வார்கள் என்பது ஆர்லிஸுக்குத் தெரியும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். வேறு யாரும் முன்வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய் மனுத்தாளைக் கேட்டாள்.

அலுவலகத்து மார்வா தாளை நீட்டினாள், ஆனால் கையை விடவில்லை.

"ஆர்லிஸ், ஒண்ணு தெரியுமில்ல? இங்க சம்பளம் வாங்குறவங்க வாரியத்துல உக்கார முடியாது. ஜெயிச்சா பஸ் சாவியைக் குடுத்துடணும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் நிக்கிறியா? முப்பத்தொரு வருஷம் ஓட்டிட்டு?"

"பேனாவைக் குடு, மார்வா."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். வெர்லின் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன்; அதில் நாலு வார்த்தை மாட்டுக்கு. "சரி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனான். ஒட்டுப்பலகையை அறுத்து, மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்டால் முப்பது பலகை எழுதினான். எல்லாவற்றிலும் 'ஆர்லிஸ்' என்று ஒரே வார்த்தை.

"ட்வெய்ட்னு போடலியா?" என்றாள் அவள்.

"எதுக்கு? இந்த ஊர்ல இன்னொரு ஆர்லிஸ் இருக்காளா?"

பலகை நட்டதோடு பிரச்சாரம் பாதி முடிந்தது. மீதிப் பாதி வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது. அது அவளால் முடியவில்லை. கதவைத் தட்டுவாள், உள்ளே கூப்பிடுவார்கள், காப்பி கொடுப்பார்கள். முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பாள், முதல் பனி எப்போது விழும் என்று பேசுவாள், நாயைத் தடவிக் கொடுப்பாள். எழுந்து வந்து காரைக் கிளப்பின பிறகுதான் ஓட்டுக் கேட்கவில்லை என்பது ஞாபகம் வரும். திரும்பிப் போய்க் கேட்க வெட்கம் பிடுங்கித் தின்னும். அப்படியே அடுத்த வீடு.

அந்த ஊரே அப்படித்தான். தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது அங்கே சபையில் கால் நீட்டி உட்காருவதைப் போல. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஏதாவது விருந்து நடந்தால் பார்க்க வேண்டும். தட்டில் கேக் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டால் அதை ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஒருத்தி வந்து கத்தியால் அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு போவாள். அடுத்தவள் மிச்சத்தில் பாதி. அதற்கடுத்தவன் அதிலும் பாதி. கடைசியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொடி கிடக்கும். அதற்கும் கத்தி எடுக்கிறவர்கள் உண்டு. ஆர்லிஸ் அறுபத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கடைசித் துண்டை முழுசாக எடுத்ததில்லை. வயிறு கெட்டுப்போனாலும் போகட்டும், பேர் கெட்டுப்போகக் கூடாது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் அதே கீழ்த்தளத்தில் வேட்பாளர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதல் கேள்வி.

லோவெல் கழுத்துவரை சிவந்துபோய், "நான் பொருத்தமான ஆளான்னு எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்" என்று ஆரம்பித்தான். கூட்டம் மெச்சிக்கொண்டது.

ஆர்லிஸ் எழுந்தாள். "லோவெல் நல்ல பையன்" என்றாள். "ஒன்பது வருஷம் என் பஸ்ல வந்தான். ஒரே ஒரு தடவைதான் வாந்தி எடுத்தான்."

கூட்டம் சிரித்தது. வெர்லின் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். அவள் உட்காரப் போனவள், மறுபடி நிமிர்ந்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். வீட்டுக்குப் போயி, அலாரத்தை நூறு நிமிஷத்துக்கு வைச்சுட்டு, ஒரு நாற்காலில அசையாம உக்காந்து பாருங்க. டாய்லெட்டுக்கு எந்திரிக்கக் கூடாது. ஜன்னல்ல பார்த்தா ஒண்ணுமே தெரியாத இருட்டு. அப்படி உக்காந்து எந்திரிச்சுட்டு அப்புறமா எழுத்துக் கூட்டிப் படிங்க, பார்ப்போம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் முன்வரிசையில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். அந்த ஊர்க் கணக்கில் அது எழுந்து நின்று கைதட்டியதற்குச் சமம். ஜானெல் பின்வரிசையில் பிரிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிடுவோமோ என்று ஆர்லிஸுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது. சந்தோஷம் வரவில்லை.

தேர்தலன்று மத்தியானம் பஸ் எடுக்கப் போகிற வழியில் ஊர் மண்டபத்துக்குப் போனாள். தடுப்புக்குள் நின்று பேனாவை எடுத்தாள். தாளில் இரண்டே பெயர், பக்கத்தில் இரண்டு வட்டம். ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவளுக்கு அப்படி இல்லை. தன் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனாள், கை நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கிற கூச்சம். அதோடு இன்னொன்றும் இருந்தது. கோட்டுப் பையில் பஸ் சாவி. முப்பத்தொரு வருஷமாக அதே பையில் அதே கனம். இடது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

'ஒரு ஓட்டுல என்ன வந்துடப் போகுது' என்று நினைத்தாள். லோவெலின் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வெளியே வந்தாள். அதில் கூச்சம் எத்தனை பங்கு, சாவி எத்தனை பங்கு என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு வழக்கம்போலச் சீக்கிரம் படுத்தாள். முடிவு என்னவானாலும் எழுப்பாதே என்று வெர்லினிடம் சொல்லியிருந்தாள். காலையில் அவன் காப்பியை அவள் முன்னால் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தான்.

"லோவெல் இருநூத்திப் பதிமூணு. நீ இருநூத்திப் பன்னண்டு" என்றான்.

ஆர்லிஸ் கோப்பையைத் தொடவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தன் வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால் பதிமூன்று அவளுக்கு, பன்னிரண்டு அவனுக்கு. அடுத்த வீட்டு நாய்க்குக்கூடத் தெரிகிற கணக்கு.

"ஒரே ஒரு ஓட்டு, ஆர்லிஸ். மறுபடி எண்ணச் சொல்லலாம். உனக்கு உரிமை உண்டுன்னு மார்வா போன் பண்ணினா."

"வேண்டாம். சரியாத்தான் எண்ணியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனாள். வெர்லின் ஒரு நாளைக்கு உரிய வார்த்தை எல்லாவற்றையும் விடியுமுன்னே செலவழித்துவிட்டதால் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆற்றோரத்தில் பிரிட்டாவை ஏற்ற நிறுத்தியபோது, ஜானெல் வாசலிலிருந்து கையை மட்டும் காட்டுகிறவள், அன்றைக்குப் பஸ் படிவரைக்கும் வந்தாள். இரவு உடையின் மேல் கோட்டு, அழுதழுது வீங்கின முகம்.

"நான்தான் ஆர்லிஸ், நான்தான் கெடுத்தேன். நான் லோவெலுக்குப் போட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"உள்ள போனப்புறம் எனக்குப் பயம் வந்துடுச்சு. நீங்க ஜெயிச்சா பஸ் யாரு ஓட்டுவா? இவ உங்களைத் தவிர யாருகிட்டயும் வாயைத் தொறக்கிறதில்ல. எப்படியும் நீங்க ஜெயிச்சுடுவீங்க, என் ஒரு ஓட்டுல என்ன வந்துடப் போகுதுன்னு... ஒரு ஓட்டு ஆர்லிஸ்! அது என் ஓட்டு!"

ஆர்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த நிறுத்தத்தில் பிள்ளைகள் பனியில் நிற்பார்கள். "குளிர்ல நிக்காத, உள்ள போ" என்று மட்டும் சொல்லிக் கதவை மூடினாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு தகப்பன் கையில் முட்டை அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அதற்கடுத்த இடத்தில் ஒருத்தி பிளம் ஜாம் புட்டியை நீட்டினாள். பன்றிப் பண்ணை ஹோவர்ட், எழுபது வயசாகிறது, பேரப்பிள்ளைகளை ஏற்றிவிட வந்தவன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காத, ஆர்லிஸ். நீ போயிட்டா அந்த மாத்து டிரைவர் வருவான். போன வருஷம் பள்ளத்துல இறக்கினானே, அவன். எங்களுக்கு வேற வழி தெரியல."

ஐந்தாவது நிறுத்தத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் பஸ்ஸில் பிள்ளையை அனுப்புகிற பாதி வீடு, அவளை விட மனசில்லாமல் அவளைத் தோற்கடித்திருந்தது! அவளுக்கு வந்ததே கோபம். ஏழாவது நிறுத்தத்தில் ரொட்டியோடு வந்த ஆளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவிங்களா! நான் யாருக்காகய்யா நின்னேன்? உங்க பிள்ளைங்க இருட்டுல நூறு நிமிஷம் உக்காரக் கூடாதுன்னுதானே? டிரைவர் வேணும், டிரைவர் வேணும்னு பஸ்ஸையே தொலைச்சுட்டு நிக்கிறீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு? ரொட்டியைக் குடு இப்படி!"

ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கதவை மூடினாள். கோபம் அடுத்த நிறுத்தம்வரைகூடத் தாங்கவில்லை. அவர்களைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை? அவளுடைய ஓட்டும் அதே பெட்டியில் அதே பக்கம்தானே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இறங்கின பிறகு, முட்டையும் ஜாமும் ரொட்டியும் பக்கத்தில் இருக்க, வெறும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் முழுக்க ஊர் அவளைப் புகழ்ந்தது. மறுபடி எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், எப்பேர்ப்பட்ட அடக்கம்! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் பெயர் சொல்லாமல் அந்த அடக்கத்தைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஜானெல் மட்டும் சர்ச்சுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பிரிட்டா பின்னாலிருந்து சொன்னாள்: "அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க. நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு பாத்திரம் கழுவும்போது சொல்றாங்க. எங்க அம்மா எதைக் கெடுத்தாங்க?"

ஆர்லிஸ் "அப்புறம்?" என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் ஆற்றோரத்தில் பிரிட்டா ஏறினதும் பலமாக ஹாரனை அடித்தாள். ஊருக்கே தெரியும், ஆர்லிஸ் ஹாரன் அடிக்கிறவள் அல்ல. ஜானெல் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளை உள்ளே இருக்கும்போது டிரைவர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. அதனால் ஆர்லிஸ் அவளை மேலே கூப்பிட்டாள்.

"ஏறு. கதவை மூடணும், சூடு போகுது. நான் சொல்றதைக் கேளு. அந்த ஓட்டு உன்னுது இல்ல."

"என்னுதுதான் ஆர்லிஸ்..."

"குறுக்க பேசாத. அது என்னோடது. நான் லோவெலுக்குப் போட்டேன்."

ஜானெல் புரியாமல் பார்த்தாள். "நீங்களே... உங்களுக்குப் போடலியா?"

"போடல. என் பேருக்கு நானே போட்டுக்கிறது அசிங்கமா இருந்துச்சு. அப்புறம்..." ஆர்லிஸ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இதை விட்டுப் போகவும் மனசு வரல. பெரிய தியாகி மாதிரி மனு குடுத்துட்டு, உள்ள போயி கைவிட்டுட்டேன். நீ பயந்துதானே போட்ட? நானும் பயந்துதான் போட்டேன். உனக்காவது பிள்ளை இருக்கு, காரணம் இருக்கு. நீ சாப்பிடு. பட்டினி கிடக்க வேண்டியது நீ இல்ல."

ஜானெல் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகை மாதிரி இருந்தது, அப்புறம் பார்த்தால் சிரிப்பு. தோளெல்லாம் குலுங்கியது. "அய்யோ ஆர்லிஸ்" என்று குனிந்து கட்டிக்கொண்டாள். அந்த ஊரில் ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு சுலபத்தில் கட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆர்லிஸுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இதை யாரிடமும் சொல்லாதே என்று ஜானெலிடம் சொன்னாள். பிரிட்டாவிடம் சொல்ல மறந்துவிட்டாள். ஆர்லிஸைத் தவிர ஒருத்தரிடமும் வாய் திறக்காத அந்தப் பெண், அடுத்த நிறுத்தத்தில் ஏறின பையனிடம் திரும்பி, "ஆர்லிஸ் ஆர்லிஸுக்கு ஓட்டுப் போடல" என்று கணீரென்று சொன்னது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்தது. பத்து மணிக்கு மளிகைக் கடையில் தெரிந்தது. மத்தியானம் ஆர்லிஸ் வீட்டுக்கு வந்தபோது வெர்லின் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"முப்பது பலகை" என்றான். "முப்பது." அவ்வளவுதான் திட்டினான். அப்புறம் அவள் குளிர்ந்துபோன கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனான்.

ஊருக்குக் கோபமா என்றால், இல்லை. ஜாம் புட்டி கொடுத்தவர்களுக்கெல்லாம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஹோவர்ட் மட்டும் முணுமுணுத்தான்: "ரொட்டிக்காரனை என்னமா திட்டினா!"

அன்று சாயங்காலமே லோவெல் வந்தான். பஸ் கொட்டகையில் அவள் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறடி மூன்றங்குல ஆள், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"உங்க ஓட்டுலதான் நான் ஜெயிச்சேனாம்."

"ஆமாம்டா."

"நான் விலகிக்கட்டுமா, ஆர்லிஸ்? அது உங்க நாற்காலி."

"விலகினா இன்னொரு தேர்தல், இன்னொரு முப்பது பலகை. வெர்லின் என்னைக் கொன்னுடுவான்." துணியைப் பிழிந்தாள். "நீ கணக்கைப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். மிச்சம் நிஜமாவே மிச்சம்தான்."

"சரி. நான் சொல்றதையும் ஒண்ணு பண்ணு. ரெண்டு பஸ்ஸையும் சேர்த்து ஒரே ஒரு நாளு ஓட்டிப் பார்க்கலாம்னு மேல கேளு. நான் ஓட்டுறேன். ஆத்தோரத்துல ஏறி, பள்ளிக்கூடத்துல இறங்கு. நடுவுல எங்கயும் எந்திரிக்கக் கூடாது."

டிசம்பர் முதல் திங்கட்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. அன்றைக்கு மாலையே வாரியக் கூட்டம். காலை ஆறு ஐந்துக்கு லோவெல் பிரிட்டாவோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முன்னால் இடித்தன. பிரிட்டா கொஞ்ச நேரம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் வாந்தி எடுத்தவங்களா?"

"ஆமா" என்றான் லோவெல்.

"எந்த சீட்ல?"

"நாலாவது."

அதோடு அவன்மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பூனை, கையுறை, குதிரை எல்லாம் அவனுக்கும் சொன்னாள். பஸ் பழைய வழியில் திரும்பாமல் ஒன்பதாம் நம்பர் வழியில் கிழக்கே போனது. நிறுத்தம், பனி, நிறுத்தம். நாற்பது நிமிஷத்தில் பேச்சு நின்றது. அவன் கைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். பின்னால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிப்போனார்கள். ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்தாள். லோவெலின் கை மரத்திருக்கும், ஆனால் அசைக்கவில்லை.

எண்பதாவது நிமிஷத்தில் பிரிட்டா விழித்தாள். அவன் காதில் ஏதோ சொன்னாள். சுற்றிலும் வெறும் வயல், வீடு ஒன்றுமில்லை, வெளியே உடம்பை விறைக்க வைக்கிற குளிர். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று லோவெல் சொன்னது ஆர்லிஸுக்குக் கேட்டது. அது கொஞ்ச தூரம் இல்லை என்பதை அவள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டினதும் கண்ணாடியில் பிரிட்டாவின் உதடு பிதுங்குவது தெரிந்தது. லோவெல் கீழே பார்த்தான், தன் கால்சட்டையையும் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கண்ணாடியில் ஆர்லிஸைப் பார்த்து, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான். சத்தமில்லாமல் தன் கோட்டைக் கழற்றி அந்தப் பிள்ளையைக் கழுத்துவரை சுற்றினான்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இறங்கும்வரை காத்திருந்தான். அப்புறம் கோட்டோடு பிரிட்டாவைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக நர்ஸ் அறைக்குப் போனான். திரும்பி வந்து, கோட்டு இல்லாமல், நனைந்த கால்சட்டையோடு, அந்தக் குளிரில் தன் வண்டியை நோக்கி நடந்தான். ஆர்லிஸுக்கு அவனை ஒன்பது வயசுப் பிள்ளையாகக் கூப்பிட்டுத் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது.

மாலையில் பள்ளி நூலகத்தில் கூட்டம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். தலைவர் லோவெலைப் பார்த்து, "நீங்க நேர்ல போய்ப் பார்த்தீங்களாமே, பிரயாணம் எப்படி?" என்று கேட்டார்.

"நூத்தி ரெண்டு நிமிஷம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

லோவெல் ஒரு நொடி ஆர்லிஸ் இருந்த பக்கம் பார்த்தான். பக்கத்தில் பிரிட்டா, வேறு பாவாடை மாற்றிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நின்றாள்.

"வேற ஒண்ணும் இல்லீங்க. கணக்கு சரியாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம். ரெண்டு பஸ்ஸும் ஓடட்டும்."

கூடாது என்று நாலு கை, சேர்க்கலாம் என்று மூன்று கை. முடிந்தது. அந்த ஊர் வழக்கப்படி யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

பின்னால் மேஜையில் காப்பியும் ஜானெல் செய்துகொண்டு வந்திருந்த பூசணிக் கேக்கும் இருந்தன. கேக் சீக்கிரமே ஒரே ஒரு துண்டுக்கு வந்துவிட்டது. மார்வா கத்தியை எடுத்து அதன் நடுவில் வைத்தாள்.

"கத்தியைக் கீழ வை, மார்வா" என்றாள் ஆர்லிஸ்.

மார்வா வைத்தாள். ஆர்லிஸ் அந்தக் கடைசித் துண்டை முழுசாக எடுத்தாள். ஹோவர்டின் கோப்பை பாதி வழியில் நின்றது. வெர்லின் தொப்பியைக் கழற்றினான். அத்தனை பேரும் பார்க்க, அவசரப்படாமல், மேலிருந்த பாலேடோடு சேர்த்துக் கடைசிப் பொடிவரை சாப்பிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"நல்லாயிருக்கு, ஜானெல்" என்றாள். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஆறு அம்பதுக்கு வர்றேன். அதுவரைக்கும் பிள்ளையைத் தூங்க விடு" என்று சொன்னாள்.